ஆறு மாதம் முன்பின்

பியாசென்ஸாவில் இரண்டு வக்கீல்கள் சேர்ந்து
ஒரே கேள்வியை எனக்கு அனுப்பினார்கள்:
இந்த ரேஸ் சைக்கிள் எந்த வருடத்தது?

கல்யாணம் எழுபத்தைந்து செப்டம்பர்.
விவாகரத்து இந்த மாதம்.
சைக்கிள் முந்தியது என்றால் ஃபெர்மோவுக்கு,
பிந்தியது என்றால் பாதிப் பாதி.
பாதி சைக்கிளில் யார் எங்கே போவது என்று
என்னிடம் கேட்கவில்லை.

தானமாக வந்த மாட்டைத்தான்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது.
இது வழக்கில் வந்த மாடு.
தலைகீழாகக் கவிழ்த்தேன்.

பெயர் சொல்ல ஒரு ஸ்டிக்கர்கூட இல்லை.
மேலே வெள்ளை. நகத்தால் சுரண்டினால் சிவப்பு.
சிவப்புக்கும் அடியில், செயின் உரசிய இடத்தில்,
பருப்பளவு வான நீலம்.
பெடல் அச்சுக்குக் கீழே நம்பர் இருந்தது,
மூன்று பெயின்ட் குடித்து வீங்கிப்போய்.
நாலா, ஒன்பதா?
கண்ணை மூடித் தடவியும் பிடிபடவில்லை.

பாகங்களைக் கேட்டேன். ஆளுக்கொரு வருடம் சொல்லின.
பின்சக்கர ஹப்பின் நட்டில் எழுபத்தொன்று.
கியர் மாற்றியின் முதுகில் எழுபத்துமூன்று,
அதுவோ காப்புரிமை வாங்கிய வருடம்,
பிறந்த நாளை அது சொல்லாது.
கிராங்கின் உட்புறம் சின்ன வட்டம், அதற்குள் எட்டு.
ஹேண்டில்பார் எண்பதுக்குப் பிறகு வந்த வளைவு,
கூச்சமே இல்லாமல் முன்னால் நிற்கிறது.
கழற்றி மாட்ட முடிகிற எதையும்
சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியாது.

மிச்சம் ஃபிரேம்.
கேபிள் கொக்கிகள் பட்டை போட்டு முறுக்கியவை,
பற்றவைக்கும் பழக்கம் வருவதற்கு முன்னால்.
பின் கவை நூற்றிருபது மில்லிமீட்டர்,
ஐந்து பல்சக்கரக் காலத்து அகலம்.
ஃபோர்க்கை உருவினேன்.
கறுத்த கிரீஸோடு பால்ரஸ்கள் மேஜையில் உருண்டன,
ஒன்று மட்டும் அலமாரிக்கு அடியில் போய்
வரமாட்டேன் என்றது.
டார்ச் அடித்தால் குழாய்க்குள் சுருள் சுருளாக வரிகள்,
துருவின் நடுவே ஒரு பறவை முத்திரை.
செய்தவர் வருடம் போடும் பழக்கம் இல்லாதவர்.

கூட்டிக் கழித்து எழுதினேன்:
எழுபத்தைந்தின் பிற்பகுதி. ஆறு மாதம் முன்பின்.
எழுதியபிறகு பார்த்தால்
அந்த ஆறு மாதத்தின் நட்ட நடுவில்
கோயில் மணி அடித்துக்கொண்டு
கல்யாணம் நிற்கிறது.

ஃபெர்மோ என் தாளை இரண்டு முறை படித்தார்.
இதில் கணவாய் கணவாயாக ஏறியவன் நான், என்றார்.
ஆறடி இரண்டங்குல மனிதர்.
ஃபிரேம் ஐம்பத்துமூன்று.
நான் வாயைத் திறக்கவில்லை.

ஏனென்றால் சீட் கம்பியை உருவியபோது
அதில் இரண்டு கோடு பார்த்திருந்தேன்.
கீழே ஒன்று, முடி கனத்தில்,
நெட்டைக் கால் ஒன்றோ இரண்டோ கோடை ஏறிய தடம்.
ஆறு சென்டிமீட்டர் மேலே இன்னொன்று,
நகம் மாட்டும் பள்ளம்,
பல வருடம் ஒரே இடத்தில் இறுகிக் கிடந்த பிடி.

ஒர்னெல்லா தாளைத் தொடவே இல்லை.
மேஜையில் இருந்த ஸ்பானரை எடுத்தாள்.
போல்ட்டைத் தளர்த்தி, சீட்டை உள்ளங்கையால் அமுக்கினாள்.
டேப் வைக்கவில்லை, குனிந்து பார்க்கவில்லை,
தன் வக்கீலிடம் பார்க்கிங் கட்டணம் பற்றிப்
பேசிக்கொண்டே இறுக்கினாள்.
சரியாகப் பள்ளத்தில்.

பேனா மூடியைத் திறந்தேன்.
அவர்கள் கேட்டது வருடம்.
மூடிக்கொண்டேன்.

ரசீது இரண்டு, பாதிப் பாதி.
அலமாரிக்கு அடியில் போனதற்குப் பதில்
புதிதாக ஒரு பால்ரஸ் போட்டு
ஃபோர்க்கைப் பூட்டியிருக்கிறேன்.
அந்த ஒன்றின் வருடம் மட்டும்
சத்தியம் பண்ணிச் சொல்வேன்.